படத்தைச் சுருக்கினால் ஃபைல் சுருங்குமா?

கல்லூரிகளில் மார்ச் மாதம் வந்துவிட்டால் இரண்டு இடங்களில் கூட்டம் அலைமோதும். ஒன்று பைண்டிங் கடை, இன்னொன்று அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜெராக்ஸ் கடை. இறுதியாண்டு பி.காம். மாணவர்கள் கையில் பென் டிரைவோடு வரிசையில் நிற்பார்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்னவோ அறுபது, எழுபது பக்கம்தான். ஆனால் அந்த வேர்டு ஃபைலைத் திறக்கச் சொன்னால் கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். பத்தாவது பக்கத்துக்குப் போவதற்குள் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். "என்ன தம்பி, உள்ளே சினிமா படம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கடைக்காரர் கேட்பார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

இதைத் தாண்டினால் அடுத்த கண்டம். "ஒரு சாஃப்ட் காப்பியும் மெயில் பண்ணிடுங்க" என்பார் ப்ராஜெக்ட் கைடு. ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலோடு 25 எம்பி வரைக்கும்தான் இணைக்க முடியும். ஃபைலோ 90 எம்பி. அது டிரைவ் லிங்க்காக மாறிப் போய்ச் சேரும். அந்த லிங்க்கைத் திறக்க கைடுக்கு அனுமதி கொடுக்க மறந்திருப்பார்கள். மறுபடியும் போன், மறுபடியும் மெயில்...

ஏன் இப்படி என்று கேட்டால் மாணவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "நெட் ஸ்லோ" என்பது ஒன்று. "போட்டோ நிறைய இருக்கு" என்பது இன்னொன்று. இரண்டாவது பதிலை நம்பி, கஷ்டப்பட்டு வெயிலில் அலைந்து எடுத்த கடைப் படங்களையும் தொழிற்கூடப் படங்களையும் ரிப்போர்ட்டில் இருந்தே தூக்கிவிடுகிறவர்களும் உண்டு.

உண்மையில் இரண்டுமே காரணம் இல்லை. ஃபைல் கனமாக இருப்பதற்குக் காரணம், அதைப் படிக்கப்போகிறவர் ஒருநாளும் பார்க்கப்போகாத சமாசாரம் அதற்குள் நிறைய இருப்பதுதான். அதை வெளியே எடுத்துவிட்டு அனுப்புவது அனுப்புகிறவருடைய கடமை. இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சமாசாரத்தில் யாரோ ஒருவருடைய பேங்க் அக்கவுண்ட் நம்பரும் இருக்கக்கூடும் என்னும்போது, விஷயம் எம்பி கணக்கோடு நின்றுவிடுவதில்லை.

கடுகு சிறுத்தாலும்...

வேர்டில் ஒரு போட்டோவை இன்சர்ட் செய்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அதன் மூலையைப் பிடித்து உள்பக்கமாக இழுப்பது. பக்கம் முழுக்க நின்ற படம் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். படம் சிறியதாகிவிட்டது, ஆகவே ஃபைலும் சிறியதாகிவிட்டது என்று நினைத்து நிம்மதியாகிவிடுகிறார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதற்கும் பொருந்தும்! மூலையை இழுப்பதால் மாறுவது, படத்தைத் திரையிலும் தாளிலும் எவ்வளவு பெரியதாகக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். படம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது தெளிவாகப் புரியும். 12 மெகாபிக்சல் கேமரா உள்ள செல்போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் இருக்கும். அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒரு ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். இரண்டு பக்கமும் மார்ஜின் போக எழுத்துக்கும் படத்துக்கும் மிஞ்சுவது சுமார் 6 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 220 புள்ளிகள் இருந்தால் கல்லூரி ரிப்போர்ட் பிரிண்ட் எடுப்பதற்குத் தாராளமாகப் போதும். அப்படியானால் பக்கத்தின் முழு அகலத்துக்கும் வைக்கும் படத்துக்குக்கூடத் தேவையானது 1320க்கு 990 பிக்சல், ஏறக்குறைய 13 லட்சம் புள்ளிகள். 1 கோடியே 20 லட்சம் எங்கே, 13 லட்சம் எங்கே? தேவையைப் போல ஒன்பது மடங்கு சரக்கு உள்ளே ஏற்றப்பட்டிருக்கிறது. தீப்பெட்டி அளவில் வைத்த படம் என்றால் இந்த மடங்கு இன்னும் எங்கோ போய்விடும்.

இப்படி ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 படங்களுக்கு 100 எம்பி. அதே படங்களைத் தேவையான புள்ளிகளோடு மட்டும் வைத்தால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் அரை எம்பிக்குள் அடங்கிவிடும். மொத்தம் 12 எம்பி சொச்சம். ஒரு படத்தையும் தூக்க வேண்டியதில்லை. பிரிண்டில் யாருக்கும் வித்தியாசமும் தெரியாது.

வகுப்பில் அறுபது பேர் இருந்தால்? முதல் கணக்கில் கைடுக்குப் போய்ச் சேருவது 6000 எம்பி, கிட்டத்தட்ட 6 ஜிபி.  மாணவர்கள் மூலையை இழுத்துவிட்டு நிம்மதியானதற்குக் கைடு அத்தனையையும் டவுன்லோடு செய்ய வேண்டியிருக்கிறது!

மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால்

நம்பிக்கை இல்லாதவர்கள் நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். வேர்டு 2007 வந்ததில் இருந்து, வேர்டு ஃபைல்களின் பெயர் வழக்கமாக டாக்எக்ஸ் என்ற பின்னொட்டோடு முடிகிறது. இந்த டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில ஃபோல்டர்கள் தெரியும். அதில் வேர்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்று ஒன்று இருக்கும். ரிப்போர்ட்டில் இருக்கும் படங்கள் எல்லாம் வரிசையாக அங்கே கிடக்கும். எந்தப் படம் எத்தனை எம்பி என்பதும் பக்கத்திலேயே தெரியும். அறுபது பக்க எழுத்து முழுவதும் சில நூறு கேபிக்குள் அடங்கியிருக்க, எங்கோ ஒரு மூலையில் வைத்த கடை வாசல் படம் மட்டும் 6 எம்பி எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஃபைல் பெரியதாக இருந்தால் ஜிப் செய்து அனுப்பு என்று சொல்கிறார்களே, அது இங்கே ஏன் பலிப்பதில்லை? டாக்எக்ஸ் என்பதே ஏற்கனவே ஜிப் செய்யப்பட்ட மூட்டை. உள்ளே இருக்கும் ஜேபெக் படங்களும் ஏற்கனவே அமுக்கப்பட்டவை. ஒருமுறை பிழிந்த கரும்பை மறுபடி மெஷினில் விட்டால் எவ்வளவு சாறு வரும்? 90 எம்பி ஃபைல் ஜிப் செய்த பிறகு 89 எம்பி ஆகும், அவ்வளவுதான்.

மின்னஞ்சலில் இன்னொரு செலவும் இருக்கிறது. இணைப்புகள் மெயிலில் போகும்போது எழுத்துகளாக உருமாற்றப்பட்டுத்தான் வழக்கமாகப் போகின்றன. இதில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட்டாகிவிடுகிறது. அதனால்தான் ஃபைலின் அளவு வரம்புக்குள் இருப்பதுபோலத் தெரிந்தும் சில சமயம் மெயில் திரும்பி வந்துவிடுகிறது. 18 எம்பி ஃபைல் வழியில் 24 எம்பி ஆகியிருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் கேள்வி, அந்த இடத்தில் படம் தேவையா என்பது. பேலன்ஸ் ஷீட்டை போட்டோ எடுத்து ஒட்டுகிறார்கள். கேள்வித்தாளை ஸ்கேன் செய்து ஒட்டுகிறார்கள். எக்செல் அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுகிறார்கள். தமிழ் யூனிகோடில் ஓர் எழுத்துக்குறி வழக்கமாக 3 பைட்தான். 2000 குறிகள் கொண்ட ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்தால் 6000 பைட், அதாவது சுமார் 6 கேபி. அதே ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல். 87 லட்சம் புள்ளிகள்! இத்தனைக்கும் பிறகு அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு எண்ணைத் திருத்த முடியாது. பேலன்ஸ் ஷீட்டை அட்டவணையாக அடிப்பதில் ஒரு லாபமும் உண்டு. அடிக்கும்போதாவது அதை ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள்.

படம் வேண்டியதுதான் என்று முடிவானால், வேர்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே அதன் அளவைக் குறைப்பது நல்லது. விண்டோஸில் எல்லோரிடமும் இருக்கும் பெயிண்ட் போதும். படத்தைத் திறந்து, ரீசைஸ் என்பதில் பிக்சலைத் தேர்ந்தெடுத்து அகலத்துக்கு 1320 என்று கொடுத்து, வேறு பெயரில் சேமித்து, அதை இன்சர்ட் செய்ய வேண்டும். மூலப் படம் தனியாக பத்திரமாக இருக்கட்டும். போஸ்டர் அடிக்கவோ பத்திரிகைக்குக் கொடுக்கவோ பிறகு தேவைப்படலாம்.

ஏற்கனவே ஒட்டி முடித்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஏதாவது ஒரு படத்தின்மேல் கிளிக் செய்தால் மேலே பிக்சர் ஃபார்மட் என்ற பகுதி வரும். அதில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் ரிப்போர்ட்டில் உள்ள எல்லாப் படங்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். கீழே எத்தனை புள்ளிகள் என்று கேட்கும். பிரிண்டுக்கு 220, திரையில் படிக்க 150, மெயிலுக்கு 96. தேர்ந்தெடுத்து ஃபைலைச் சேமித்தால் முடிந்தது.

வேர்டில் ஆப்ஷன்ஸுக்குப் போய் அட்வான்ஸ்டு பகுதியில் பார்த்தால், சேமிக்கும்போது தானாகவே படத்தைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. ஆனால் அங்கே 'டூ நாட் கம்ப்ரஸ்' என்பதில் யாராவது டிக் போட்டு வைத்திருந்தாலோ, அளவு 'ஹை ஃபிடிலிட்டி' என்று இருந்தாலோ அது வேலை செய்யாது. ஆகவே அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் கடைசியில் ஒருமுறை கையாலேயே செய்துவிடுவது மேல். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கும் கவலை இல்லை. ரைட்டரில் படத்தின்மேல் வலது கிளிக் செய்தால் கம்ப்ரஸ் என்ற வசதி அதிலும் இருக்கிறது.

படத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். கேமராவில் எடுத்த படங்களுக்கு ஜேபெக் ஏற்றது. ஸ்கிரீன்ஷாட், வரைபடம், எழுத்து உள்ள படங்களுக்கு பிஎன்ஜி ஏற்றது. மாற்றிச் செய்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்தான். போட்டோவை பிஎன்ஜியாக வைத்தால் பல மடங்கு பெருக்கும். எழுத்தை ஜேபெக்காக வைத்தால் எழுத்தைச் சுற்றி அழுக்கு படிந்ததுபோல் ஆகிவிடும்.

மாணவர்கள் கண்டுபிடித்த இன்னொரு குறுக்கு வழி, போட்டோவை வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பி அங்கிருந்து எடுத்துக்கொள்வது. படம் சிறியதாகித்தான் வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு குறைப்பது என்பது நம் ஆளின் கையில் இல்லை. கடை வாசல் படம் தப்பித்துவிடும். பில்லில் இருக்கும் 8 எது, 3 எது என்று தெரியாமல் போய்விட்டால் அந்தப் படத்தை வைத்ததற்கே அர்த்தம் இல்லை.

வெட்டியும் வெட்டுப்படாதது

இதுவரை சொன்னது இடம், நேரம் பற்றிய கதை. இனி வருவதுதான் முக்கியமானது.

சிறு வியாபாரிகளின் கடன் வசதி பற்றி ஒரு மாணவி ப்ராஜெக்ட் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரர் அவளை நம்பித் தன்னுடைய பேங்க் பாஸ்புக்கைக் காட்டுகிறார். அவள் அதைப் படம் எடுத்து, ரிப்போர்ட்டில் ஒட்டி, மேலே இருக்கும் பெயரையும் அக்கவுண்ட் நம்பரையும் வேர்டின் கிராப் வசதியால் வெட்டிவிடுகிறாள். கடன் தவணை வரிகள் மட்டும் தெரிகின்றன. பொறுப்பாகத்தான் நடந்துகொண்டிருக்கிறாள். ஆனால் வேர்டு அந்த வெட்டிய பகுதியைத் தூக்கிப் போடுவதில்லை, மறைத்து மட்டும் வைக்கிறது. பிறகு மனசு மாறினால் திரும்பக் கொண்டுவர வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான் காரணம். விளைவு என்ன? அந்த ஃபைலைப் பெறுகிற எவரும் படத்தை கிளிக் செய்து மறுபடியும் கிராப் பொத்தானை அழுத்தினால் பெயரும் நம்பரும் மங்கலாகத் தெரியும். இழுத்துவிட்டால் முழுசாகவே வந்து நிற்கும்.

கம்ப்ரஸ் பிக்சர்ஸ் பெட்டியில் 'டெலீட் கிராப்டு ஏரியாஸ் ஆஃப் பிக்சர்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் டிக் போட்டுச் சேமித்தால்தான் வெட்டியது உண்மையிலேயே போகும். எம்பியைக் குறைக்கிற அதே பெட்டியில்தான் அந்தக் கடைக்காரரின் மானத்தைக் காப்பாற்றுகிற டிக்கும் இருக்கிறது.

இதைவிட ஆபத்தானது கறுப்புக் கட்டம். நம்பரின்மேல் வேர்டிலேயே ஒரு கறுப்புச் செவ்வகம் வரைந்து மறைப்பார்கள். பிரிண்டில் பார்த்தால் பலமாகத்தான் இருக்கும். சாஃப்ட் காப்பியில் அந்தச் செவ்வகத்தை மவுஸால் நகர்த்தினால் அடியில் நம்பர் சிரிக்கும்! இதற்கு கம்ப்ரஸ் செய்வதும் உதவாது, ஏனென்றால் படம் வேறு, செவ்வகம் வேறு. பெயிண்டில் படத்தின்மேலேயே கறுப்பு அடித்து, சேமித்து, அந்தப் படத்தை இன்சர்ட் செய்வதுதான் சரியான முறை.

எக்செல் சார்ட்டிலும் இதே ஆபத்து. எக்செலில் இருந்து ஒரு பார் சார்ட்டைக் கொண்டுவந்து ஒட்டும்போது 'எம்பெட் வொர்க்புக்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஒரு சார்ட் மட்டும் வருவதில்லை. அந்த எக்செல் ஃபைல் முழுவதும், எல்லா ஷீட்டுகளோடும், வேர்டுக்குள் குடியேறிவிடும். முதல் ஷீட்டில் சார்ட், மூன்றாவது ஷீட்டில் அந்த நிறுவனத்தின் முப்பது ஊழியர்களின் சம்பளப் பட்டியல் என்றால்? இன்டர்ன்ஷிப் கொடுத்து உதவிய நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய கைம்மாறு இருக்க முடியாது. சார்ட்டைப் படமாக ஒட்டினால் ஃபைலும் குறையும், சம்பளப் பட்டியலும் அதன் இடத்திலேயே இருக்கும்.

இது கற்பனை பயம் இல்லை. ஈராக் பற்றி பிரிட்டிஷ் அரசு 2003 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதை வேர்டு ஃபைலாகவே இணையத்திலும் போட்டார்கள். அந்த ஃபைலுக்குள் ஒளிந்திருந்த குறிப்புகளில் இருந்து யார் யார் அதைத் திருத்தினார்கள் என்ற பெயர்கள் வெளியே வந்துவிட்டன. படங்களில் நடந்த உதாரணமும் உண்டு. கூகுளின் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், வெட்டிய பகுதியில் ஒரு பங்கு ஃபைலுக்குள்ளேயே தங்கிவிடும் என்ற குறை 2023 மார்ச்சில் வெளியானது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே மாதிரிக் குறை இருப்பது அடுத்த சில நாட்களில் தெரிந்தது. இரண்டையும் பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அவை மென்பொருளில் இருந்த கோளாறுகள். வேர்டு வெட்டியதை வைத்துக்கொண்டிருப்பது கோளாறு அல்ல, அது ஒரு வசதி. ஆகவே அதை யாரும் வந்து சரிசெய்யப் போவதில்லை. பயன்படுத்துகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இப்ப யாரு எம்பி கணக்கு பாக்குறா?"

இப்படிக் கேட்பவர்கள் நிறைய. கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவின் விலை அடியோடு இறங்கிவிட்டது. பென் டிரைவும் ஜிபி கணக்கில் வந்துவிட்டது. ஒரு எம்பிக்குக் காசு எண்ணிய காலத்துப் பழக்கம் இப்போது எதற்கு?

பதில் சுலபம். டேட்டா மலிவானது அனுப்புகிறவருக்கு. வரம்பு வைத்திருப்பதோ வாங்குகிற இடம். ஸ்காலர்ஷிப் விண்ணப்பமோ வேலை விண்ணப்பமோ, 'இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும்' என்ற வரி இல்லாத இணையதளம் அரிது. கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு அந்த வரி கண்ணில் படும்போது ஜியோ வந்து உதவாது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதை அவர்களுடைய பாஷையிலேயே சொல்லலாம். சரக்கை அனுப்புகிறவர் வண்டிச் செலவை ஏற்றுக்கொண்டால் அவர் கணக்கில் அது கேரேஜ் அவுட்வர்டு. வாங்குகிறவர் தலையில் விழுந்தால் அவர் கணக்கில் கேரேஜ் இன்வர்டு. 90 எம்பி ஃபைலை அப்படியே அனுப்புகிறவர், தான் ஐந்து நிமிடத்தில் முடிக்கவேண்டிய வேலையை வாங்குகிறவர் கணக்கில் எழுதுகிறார். கைடின் பழைய லேப்டாப், கிராமத்து சிக்னலில் போனிலேயே படிக்கும் தேர்வாளர், ஜெராக்ஸ் கடைக்காரரின் நேரம்... எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

"அதான் இலவசமா குறைச்சுத் தர்ற வெப்சைட் இருக்கே" என்பது இன்னொரு பதில். இருக்கின்றன, பல நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் அங்கே குறைப்பதற்கு முதலில் ஃபைலை முழுதாக யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்கு ஏற்றியாக வேண்டும். ஆதார் நகலும் மார்க் ஷீட்டும் அடுத்தவர் பாஸ்புக்கும் இருக்கும் ஃபைலைப் பெயர் தெரியாத ஓர் இடத்தில் கொட்டிவிட்டு, சில எம்பி மிச்சம் பிடித்தோம் என்று சந்தோஷப்படுவது சரியான வியாபாரம் அல்ல. வேர்டிலேயே அந்த வேலைக்குப் பொத்தான் இருக்கும்போது வெளியே போக என்ன அவசியம்?

"குறைச்சா படம் கெட்டுப்போகுமே" என்ற பயத்துக்கு மட்டும் மதிப்புக் கொடுத்தே ஆகவேண்டும். அளவுக்கு மீறினால் கெடத்தான் செய்யும். 96ல் சேமித்ததை பிரிண்ட் எடுத்தால் முகம் பூசினாற்போல வரும். பில், ரசீது, வரைபடம் போன்றவற்றில் எண்கள் கலங்கிவிடும். ஒருமுறை குறைத்துச் சேமித்து மூடிவிட்டால் பழைய புள்ளிகள் திரும்பி வரவும் வராது. ஆகவே எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்ற போட்டி வேண்டாம். குறைக்காத ஃபைலை 'மூலம்' என்று ஒரு காப்பி வைத்துக்கொண்டு, அனுப்பும் காப்பியில் மட்டும் கை வைக்க வேண்டும். குறைத்த பிறகு மிகச் சின்ன எழுத்து இருக்கும் படத்தை 100 சதவீத அளவில் வைத்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். படிக்க முடிந்தால் சரி.

சொல்லித்தர வேண்டியவர்கள்

மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. '5 எம்பிக்குள் சமர்ப்பிக்கவும்' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவர்கள், எப்படி என்று ஒரு வரி எழுதுவதில்லை. மார்ஜின் ஒன்றரை அங்குலம், எழுத்து அளவு 12, வரிக்கு இடையே ஒன்றரை இடைவெளி என்று தாளில் தெரிகிற எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. தாளில் தெரியாததற்கு விதி இல்லை. வேர்டில் மெயில் மெர்ஜ் சொல்லித்தருகிற வகுப்பில் கம்ப்ரஸ் பிக்சர்ஸுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது பெரிய காரியமா? மெயில் மெர்ஜை எத்தனை பேர் வாழ்க்கையில் பயன்படுத்துவார்களோ தெரியாது. படம் ஒட்டிய ஃபைலை அனுப்பாமல் யாரும் ஆபீஸ் வேலை பார்த்துவிட முடியாது.

ப்ராஜெக்ட் விதிமுறைத் தாளிலேயே நான்கு வரி சேர்த்துவிடலாம். தட்டச்சு செய்யக்கூடியதைப் படமாக ஒட்டக்கூடாது. படங்கள் 220 புள்ளிக்குக் குறைக்கப்பட்டிருக்க வேண்டும். கிராப் செய்த பகுதிகள் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பிறருடைய பெயர், எண் உள்ள படங்கள் வேர்டுக்கு வெளியிலேயே மறைக்கப்பட்டிருக்க வேண்டும். கைடு கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த நான்கையும் கேட்டாலே போதும், அடுத்த வருட மாணவர்கள் தாங்களாகவே செய்துகொண்டு வருவார்கள்.

ப்ராஜெக்டின் முதல் பக்கங்களில் நன்றியுரை என்று ஒன்று எழுதுகிறார்கள். நேரம் ஒதுக்கிய கைடுக்கும், தகவல் கொடுத்த வியாபாரிகளுக்கும், வாய்ப்புக் கொடுத்த நிறுவனத்துக்கும் மனமார்ந்த நன்றி என்று அதில் இருக்கும். அந்த ஃபைலை அனுப்புவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து, அவர்களுடைய நேரத்தைத் தின்கிற புள்ளிகளையும் அவர்களுடைய ரகசியத்தைச் சுமக்கிற ஓரங்களையும் வெட்டி எறிந்துவிட்டால், எழுதிய நன்றிக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.